கிரிப்பு சூடு, விரலு ஐஸு: மணாலி டூ லே

கிளம்பறதுக்கு முந்துன வாரம், கோயம்புத்தூர்

மொதல்லயே சொல்லிடறேன், லடாக் போறது எப்படி, எங்க தங்கறது, எத்தனை செலவுன்னெல்லாம் தேடி வந்தீங்கன்னா இது அந்தக் கட்டுரை இல்லைங்க. என் பிரச்சனை ஒன்னே ஒன்னு. கை. எனக்கு கால் குளிராது, காது குளிராது, கை மட்டும் கொஞ்சம் குளிர் பட்டாலே வெள்ளையாகி விரல் நுனி எல்லாம் செத்துப் போயிரும். போன தை மாசம் விடிகாலை நாலரைக்கு மேட்டுப்பாளையத்துல டீ குடிச்சுட்டு கோத்தகிரி வழியா ஊட்டி ஏறினோம், தலைக்குந்தா பக்கம் புல்லு மேல உறைபனி உப்பு தூவுன மாதிரி கெடந்துச்சு, அத போட்டோ எடுக்கலாம்னு ஆசையா வண்டிய ஓரங்கட்டினா சாவியத் திருப்ப முடியல. விரல் மடங்கவே மாட்டேங்குது. பக்கத்துல இருந்த டீக்கடைக்காரர் வந்து எஞ்சினை ஆஃப் பண்ணிக் குடுத்துட்டு "ஏனுங் சார், கையுறை போடாமயா வந்தீங்க"ன்னாரு. போட்டுருந்தேன். அதான் கொடுமை.

அதனால லே போறதுன்னு முடிவானதும் மொத செலவா பைக் ஹேண்டில்ல மாட்டற ஹீட்டட் கிரிப் வாங்கியாச்சு. எட்டாயிரத்துச் சொச்சம். வீட்ல மூவாயிரம்னு சொல்லிருக்கேன், இத படிக்கற சொந்தக்காரங்க அப்படியே இருந்துக்கோங்க.

தெரியாதவங்களுக்கு: பாக்க சாதா கிரிப்பு மாதிரியே இருக்கும், ரப்பருக்கு உள்ள மெல்லிசா ஹீட்டர் கம்பி ஓடும், நம்ம அயர்ன் பாக்ஸ் சமாச்சாரந்தான். பேட்டரில இருந்து ஒயர், நடுவுல ஒரு பியூஸ், ஹேண்டில் பார்ல ஒரு கன்ட்ரோலர், அஞ்சு லெவல். என்னோடது புல்லா வெச்சா 4 ஆம்பியர் இழுக்கும், அதாவது 50 வாட் பக்கம். என் பைக்கு ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411, அதுல ஹெட்லைட் பல்பே 55 வாட்டுதான், ஆக இன்னொரு ஹெட்லைட்டக் கையில புடிச்சுட்டுப் போற மாதிரி.

மாட்டறதுலதான் வேடிக்கை. ஆக்சிலேட்டர் பக்கம் பிளாஸ்டிக் குழாய் மேல வரிவரியா மேடு இருக்கும், அதெல்லாம் அரம் வெச்சு ராவி வழவழன்னு ஆக்கினாதான் புது கிரிப்பு உள்ள ஏறும். ஒரு மணி நேரம் ராவினேன். அப்பறம் பசை. பசை தடவுனதும் ஒரே இழுப்புல உள்ள தள்ளிடணும், யோசிச்சா போச்சு. நான் யோசிச்சேன். எடப்பக்க கிரிப்பு ஒரு இஞ்சு வெளிய இருக்கறப்பவே கவ்விக்கிச்சு, அதுக்கப்பறம் ஆண்டவன் வந்தாலும் அசையாது. இன்னைக்கும் என் வண்டில எடது கிரிப்பு மட்டும் ஒரு இஞ்சு நீட்டிட்டு நிக்கும். ஒயரிங் வேலைய மட்டும் ஒரு கடையில குடுத்தேன், அந்தக் கடை பேரு வேண்டாம், ஏன்னு நாலாம் நாள் தெரியும்.

கூட வர்றது என் சம்சாரத்தோட தம்பி. கோபிக்காரன், பழைய புல்லட் 350 வெச்சிருக்கான். கிரிப்பப் பாத்துட்டு "மச்சான், இதுக்கு ரெண்டு கையிலயும் ரெண்டு போண்டா புடிச்சுட்டுப் போலாம்"ன்னான்.

நாள் 1, சண்டிகர் – மணாலி

வண்டி ரெண்டும் லாரி பார்சல்ல அஞ்சு நாள் முன்னாடியே சண்டிகர் வந்துருச்சு, பெட்ரோல சுத்தமா வடிச்சுட்டுதான் ஏத்துவாங்க, அதனால எறக்குனதும் பங்க் வரைக்கும் தள்ளற வேலை. செப்டம்பர் கடைசி, இருந்தாலும் வெயில் பொள்ளாச்சி வெயில்தான். முந்நூறு கிலோமீட்டர் பக்கம், கீரத்பூர் தாண்டினா புது நாலு வழி ரோடு, சுரங்கம் சுரங்கமா வருது, மண்டி, பண்டோ அணை, குலுன்னு பியாஸ் ஆத்த ஒட்டியே ஓட்டறது. எழுத ஒன்னும் இல்ல. மண்டில ஒரு சிக்னல்ல தெரியாம கன்ட்ரோலர்ல கை பட்டு கிரிப்பு ஆன் ஆயி, 32 டிகிரி வெயில்ல உள்ளங்கை வெந்துருச்சு, ரெண்டு கிலோமீட்டர் எஞ்சின் சூடுன்னே நெனச்சிட்டு வந்தேன்.

நாள் 2, மணாலி

உடம்பு பழகறதுக்காக ஒரு நாள் சும்மா. பஜார்ல மாப்ள ஒரு சாமான் வாங்கினான். கறுப்பு ரெக்சின்ல தெச்ச ரெண்டு பை, உள்ள மட்டமான பஞ்சு ரோமம், ஹேண்டில் பார்ல கிரிப்பு லீவர் சுவிட்சு எல்லாத்தையும் சேத்து மூடற மாதிரி மாட்டி, நாம பின்பக்கமா கைய உள்ள விட்டுக்கணும். வடக்க குளிர் காலத்துல ஸ்கூட்டர்காரங்க, பால்காரங்க எல்லாரும் மாட்டிட்டுத் திரியறதுதான். ஜோடி 250 ரூவா. அந்த புல்லட்டுக்கு மாட்டிப் பாத்தா கொம்பு ரெண்டுலயும் சாக்கு கட்டுன எருமை மாதிரி இருந்துச்சு, நான் சிரிச்ச சிரிப்புல பக்கத்துக் கடைக்காரரும் சிரிச்சாரு. போட்டோ எடுத்து பேமிலி குரூப்ல போட்டேன். இத ஞாபகம் வெச்சுக்கோங்க.

நான் ஒரு நல்ல தடிமனான விண்டர் கிளவ்ஸ் வாங்கினேன், உள்ளங்கை பக்கமும் நல்லா பஞ்சு வெச்சது. இதுவும் தப்பு, பின்னாடி சொல்றேன்.

நாள் 3, மணாலி – ஜிஸ்பா

காலைல அடல் டனல். 9.02 கிலோமீட்டர், 2020 அக்டோபர்ல தெறந்தது, மொத ரோத்தாங் கணவாய் ஏறி எறங்கணும், இப்ப கால் மணி நேரத்துல மலைக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் தேவதாரு மரம், பச்சை, சாரல். அந்தப் பக்கம் வெளிய வந்தா மரமே கொறைஞ்சு போயி மொட்டை மலை, சுள்ளுனு வெயில், ஆனா காத்து மட்டும் ஃப்ரிட்ஜ் தெறந்த மாதிரி. டனல் வாசல்லயே கிரிப்ப ரெண்டாவது லெவல்ல போட்டேன். ஆஹா. சுடு தண்ணி சொம்பப் புடிச்ச மாதிரி இருந்துச்சுங்க. ஹெல்மெட்டுக்குள்ள நானே சிரிச்சுக்கிட்டேன், எட்டாயிரம் வசூல்னு.

தாண்டில பெட்ரோல். சந்திராவும் பாகாவும் சேந்து செனாப் ஆகற எடம், அந்த பங்க்ல "அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்"னு போர்டு வெச்சிருக்கான், எல்லாரும் அது முன்னாடி நின்னு போட்டோ எடுக்கறாங்க, நாங்களும் எடுத்தோம். என் டேங்க் 15 லிட்டர், போதும், இருந்தாலும் அஞ்சு லிட்டர் கேன்ல. புல்லட்டுக்கு பத்து லிட்டர் கேன்ல.

கேலாங் தாண்டி ஜிஸ்பா, 3,200 மீட்டர். சாயங்காலம் சூரியன் மலைக்குப் பின்னாடி போனதும் குளிரு டக்குனு எறங்குச்சு. கடைசி இருவது கிலோமீட்டர் நாலாவது லெவல். மாப்ள சாக்குக்குள்ள கைய விட்டுட்டு பாட்டுப் பாடிட்டே வந்தான். "எப்படிடா இருக்கு"ன்னேன், "ரஜாய்க்குள்ள கைய வெச்ச மாதிரி இருக்கு மச்சான், ஆனா ஹாரன் அடிக்கப் போனா இன்டிகேட்டர் போடுது"ன்னான். (ரஜாய்னா பஞ்சு வெச்சுத் தெச்ச தடிப் போர்வை.) ஆமா, உள்ள எந்த சுவிட்சும் கண்ணுக்குத் தெரியாது, தடவித் தடவிதான்.

நாள் 4, ஜிஸ்பா – சர்ச்சு

(நெட் இல்ல. லே வந்துதான் இதப் போடறேன்.)

காலை ஏழு மணி. சாவியப் போட்டேன், மீட்டர் மங்கலா கண்ணு முழிச்சுது, செல்ஃப அமுக்கினா டிக் டிக் டிக். அவ்வளவுதான். ஹிமாலயன்ல கிக்கர் கிடையாது.

என்னாச்சுன்னா, கோயம்புத்தூர்ல அந்தக் கடையில கிரிப்பு ஒயர நேரா பேட்டரில குடுத்துட்டாங்க. சாவிய எடுத்தாலும் கரன்ட் போயிட்டே இருக்கும். ரிலே வெச்சு, சாவி ஆன் ஆனா மட்டும் கரன்ட் போற மாதிரி பண்ணுங்கன்னு ரெண்டு தடவ சொல்லிட்டு வந்தேன், ரிலேக்கும் சேத்து பில்லும் போட்டாங்க. நான் ராத்திரி கன்ட்ரோலர ஆஃப் பண்ண மறந்துட்டேன், அதோட சின்ன லைட்டு மேல புழுதி அப்பியிருந்ததுல ஆன்ல இருந்ததே தெரியல. என் பேட்டரி 8 ஆம்பியர்-அவர். நாலாவது லெவல்ல மூணு ஆம்பியர் இழுத்தா மூணு மணி நேரத்துல சோலி முடிஞ்சுது. அந்த மூணு மணி நேரமும் ஜிஸ்பா குளிருக்கு கிரிப்பு மட்டும் சுகமா சூடா இருந்துருக்கு, நான் ரெண்டு ரஜாய்க்குள்ள நடுங்கிட்டு இருந்தேன்.

மூட்டை முடிச்செல்லாம் எறக்கி, கிட்டத்தட்ட 200 கிலோ வண்டிய மேட்டுக்குத் தள்ளி, அங்க இருந்து எறக்கத்துல ரெண்டாவது கியர்ல விட்டு, ரெண்டாவது தடவ புடிச்சுக்கிச்சு. 3,200 மீட்டர் உயரத்துல வண்டி தள்றதுன்னா என்னன்னு அன்னைக்குத் தெரிஞ்சுது, மாப்ள கல்லு மேல உக்காந்து பத்து நிமிஷம் பேசவே இல்ல, பேசினப்ப மொத வார்த்தை "போண்டா".

ரிலே கையில இல்ல. அதனால ஒரு ஏற்பாடு: வண்டிய நிறுத்தினா கிரிப்போட பியூஸக் கழட்டி சட்டைப் பையில போட்டுக்கறது. காலைல மறுபடி சொருகறது. லே வர்ற வரைக்கும் அந்த பியூசு என் பையில தாலி மாதிரி பத்திரமா இருந்துச்சு.

தார்ச்சா, தீபக் தால், ஜிங்ஜிங்பார், அப்பறம் பாரலாச்சா லா (லான்னா கணவாய்), 4,890 மீட்டர். மேல ஏற ஏற ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி கொறையும்னு ஒரு கணக்கு இருக்கு. அது நின்னுட்டு இருக்கற ஆளுக்கு. ஓட்டற ஆளுக்கு காத்து வேற: வெளிய 0 டிகிரின்னா, அறுவது கிலோமீட்டர் வேகத்துல காத்து அடிச்சா தோலுக்கு மைனஸ் 9 மாதிரி. இங்கதான் என் எட்டாயிரம் பல்லக் காட்டுச்சு.

கிரிப்பு அஞ்சாவது லெவல். உள்ளங்கைல சூடு லேசாத் தெரியுது, ஏன் லேசுன்னா நான்தான் உள்ளங்கை பக்கம் தடியா பஞ்சு வெச்ச கிளவ்ஸ் போட்டுருக்கேனே, குளிரத் தடுக்கற பஞ்சு சூட்டையும் தடுக்கும்ல, இது வாங்கறப்ப தோணல. சரின்னு நிறுத்தி பையில இருந்த பழைய மெல்லிசு கிளவ்ஸ மாத்தினேன். இப்ப உள்ளங்கை சுடுது, நெஜமாவே சுடுது, ஆனா கையோட மேல்பக்கம், விரல் கணு, க்ளட்ச் லீவர் மேல சும்மா கெடக்கற ரெண்டு விரல், அதுல எல்லாம் காத்து நேரா வந்து அடிக்குது. லீவர்னா வெறும் அலுமினியம், ஐஸ் குச்சி மாதிரி. உள்ளங்கைல கொப்புளம் வந்துருமோன்னு பயம், அதே கையில விரல் நுனி மரத்துப் போயி என்னோடதான்னே தெரியல. தோசைக்கல்லுல ஒரு பக்கம் மட்டும் வெந்த தோசை பாத்துருப்பீங்கள்ல, அதான் என் கை.

சூரஜ் தால் ஏரி ரொம்ப அழகுன்னு சொல்வாங்க. நான் அது பக்கத்துல நின்னு ரெண்டு கையையும் ராட்டினம் மாதிரி சுத்திட்டு இருந்தேன், அப்படி சுத்துனா ரத்தம் விரலுக்கு எறங்கும், ஒரு நாலஞ்சு நிமிஷத்துக்குத் தாங்கும். ஒரு லாரி டிரைவர் நான் கூப்புடறேன்னு நெனச்சு நிறுத்திட்டாரு.

சர்ச்சு, 4,290 மீட்டர், டென்ட். ராத்திரி பக்கெட் தண்ணி கல்லாயிருச்சு. தலைவலி ரெண்டு பேருக்கும். தூக்கம் இல்ல, பியூசு பையில இருக்கான்னு நாலு தடவ தொட்டுப் பாத்தேன்.

நாள் 5, சர்ச்சு – லே

இன்னைக்குதான் பெரிய நாள், 250 கிலோமீட்டர், மூணு கணவாய். காலைல மாப்ள என் கையப் பாத்துட்டு ஒன்னும் பேசாம அவன் வண்டில இருந்து ஒரு பைய உருவிட்டு வந்தான். ஜோடில ஒன்னு எனக்கு, ஒன்னு அவனுக்கு. குரூப்ல போட்டோ போட்டு சிரிச்சவனுக்கு இத விட பெரிய அடி என்ன இருக்கு.

எந்தக் கைக்குன்னு யோசிச்சோம். எனக்கு எடது கைதான் அதிகமா செத்துப் போவுது. காரணம் இருக்கு: வலது கிரிப்பு ஆக்சிலேட்டரோட பிளாஸ்டிக் குழாய் மேல உக்காந்துருக்கு, எடது கிரிப்பு நேரா இரும்பு ஹேண்டில் பார் மேல. இரும்பு சூட்ட உறிஞ்சி எடுத்துட்டு போயிரும். ஒட்டறதுக்கு முன்னாடி பார் மேல ஒரு பிளாஸ்டிக் ஸ்லீவ் போட்டு அது மேல ஒட்டிருந்தா கொஞ்சம் தப்பிச்சுருக்கலாம், இப்பதான் அது ஒரு இஞ்சு வெளிய நிக்கறப்பவே கவ்விருச்சே. சரி, பை எடது கைக்கு.

கேட்டா லூப்ஸ், 21 கொண்டை ஊசி. வால்பாறைக்கு ஆழியார்ல இருந்து 40 வளைவு ஏறிப் பழகுன ஆளுங்களுக்கு எண்ணிக்கை பெருசில்ல, ஆனா இங்க மரம் இல்ல, தடுப்பு இல்ல, மூச்சும் இல்ல. நகீ லா தாண்டி லாச்சுலுங் லா, 5,059 மீட்டர். இந்த மூணு மணி நேரத்துல எனக்குக் கெடச்ச ஞானம் எந்த வீடியோலயும் கெடைக்கலைங்க. ஒரே வண்டி, ஒரே ஆளு, ஒரே குளிரு. எடது கைக்கு ஹீட்டரும் உண்டு பையும் உண்டு, வலது கைக்கு ஹீட்டர் மட்டும். வலது கை அஞ்சாவது லெவல்லயும் தோசை. எடது கை வேர்த்துருச்சு. வேர்க்குதுங்க, அஞ்சாயிரம் மீட்டர்ல! அந்த 250 ரூவா ரெக்சின் பை காத்த நிறுத்திருது, அதுக்குள்ள கிரிப்போட சூடு தேங்கி நிக்குது, லீவர் கூட வெதுவெதுன்னு இருக்கு. வீட்டு ஜன்னலத் தெறந்து வெச்சுட்டு ஹீட்டர் போட்ட கதைதான் என்னோடது இத்தன நாளா. கன்ட்ரோலர் ஒன்னுதான், ரெண்டு கைக்கும் தனித்தனியா வெக்க முடியாது, அதனால எடது கைக்காகக் கொறைச்சா வலது கை சாவுது, வலது கைக்காக ஏத்துனா எடது கை ஆவி புடிக்குது.

மாப்ளைக்கு ஹீட்டர் இல்ல, வலது கையில பை மட்டும், எடது கைக்கு தாபால வாங்குன பாத்திரம் கழுவற ரப்பர் கிளவ்ஸ். ஊதா கலர். அத அவன் கிளவ்ஸ் மேல மாட்டிட்டான். அதுவும் காத்த நிறுத்துது, பரவால்லன்னான், உள்ள வேர்வை போக வழியில்லாம நசநசன்னு இருக்காம்.

பாங்னு ஒரு எடம். டென்ட் தாபாக்கள வரிசையா லடாக்கி பொம்பளைங்கதான் நடத்தறாங்க. "ஜூலே"ன்னு (அவங்க ஊரு வணக்கம்) சொல்லிட்டு உள்ள நுழைஞ்சு நடுவுல எரியற புகாரி அடுப்புக்கு நேரா என் வலது கைய நீட்டினேன், அந்தக்கா பட்டுனு என் மணிக்கட்டப் புடிச்சு இழுத்துட்டாங்க. கையத் திருப்பிப் பாத்தாங்க. மூணு விரல் நுனி மெழுகு மாதிரி வெள்ளை. அரைகுறை இந்தில எனக்குப் புரிஞ்ச வரைக்கும்: மரத்துப் போன கைக்கு சூடு தெரியாது, அடுப்புல காட்டினா வெந்த பின்னாடிதான் தெரியும், அக்குள்ல வை. அப்படியே வலது கைய எடது அக்குள்ல சொருகிட்டு உக்கார வெச்சாங்க, மறு கையில வெண்ணெய் டீ. அஞ்சு நிமிஷம் கழிச்சு ரத்தம் திரும்ப ஏறறப்ப ஒரு வலி வந்துச்சு பாருங்க. கதவு இடுக்குல விரல் மாட்டுன வலி, மூணு விரல்லயும் ஒன்னா. கண்ணுல தண்ணி வந்துருச்சு. மாப்ள அந்தப் பக்கம் திரும்பிட்டு மேகி சாப்ட்டான், மரியாதைக்கு.

அந்தக்கா இன்னொன்னும் பண்ணாங்க. என் ஜாக்கெட் ஜிப்ப லேசா எறக்கிப் பாத்துட்டு உள்ள ஒரே ஒரு பனியன், ஒரு சட்டைதான்னு தெரிஞ்சதும் தலையில அடிச்சுக்கிட்டாங்க. ஒடம்பு குளிர்ந்தா நெஞ்சையும் வயித்தையும் காப்பாத்தறதுக்காக கைக்கும் காலுக்கும் போற ரத்தத்தக் கொறைச்சுரும், கையில மட்டும் என்ன ஹீட்டர் வெச்சாலும் ரத்தமே வரலைன்னா அது எதைச் சூடாக்கும். இது நான் பள்ளிக்கூடத்துலயே படிச்சதுதான், எட்டாயிரம் செலவு பண்றப்ப ஞாபகம் வரல. பழைய நியூஸ்பேப்பர் நாலு ஷீட்டு குடுத்தாங்க, சட்டைக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவுல நெஞ்சுல விரிச்சு ஜிப்ப மூடினேன். காசு வாங்கிக்கல, மேகிக்கும் டீக்கும் மட்டும்.

மோரே பிளெயின்ஸ் நாப்பது கிலோமீட்டர், மலை மேல ஒரு மைதானம், நேர் ரோடு. எண்பதுல போலாம், ஆனா வேகம் ஏற ஏற காத்து, அம்பதுக்கு எறக்கினா கை பொழைக்குது. அம்பதுலயே போனோம். டங்லங் லா, 5,328 மீட்டர், பொடிப்பொடியா பனி விழ ஆரம்பிச்சுது, நியூஸ்பேப்பரு நெஞ்சுல சரசரங்குது, வலது கை கூட முன்ன மாதிரி மோசமில்ல, குளிர்ந்துச்சு, சாகல.

உப்ஷி வந்ததும் போன்ல டிங் டிங் டிங்னு மெசேஜ். பேமிலி குரூப்ல நான் போட்ட எருமை போட்டோக்கு 43 பதில். மாப்ள அதுக்குக் கீழ என் வண்டில ஒத்தப் பை மாட்டுன போட்டோவ போட்டுட்டான்.

நாள் 6, லே

தூங்கினோம். 3,500 மீட்டர், சர்ச்சுக்கு அப்பறம் இது சமவெளி மாதிரி. ஆப்ரிகாட் பழம் காய வெச்சது ஒரு கிலோ வாங்கினோம்.

நாள் 7, கர்துங் லா போயி திரும்பி

லேல இருந்து 39 கிலோமீட்டர்தான். மேல மஞ்ச போர்டுல 18,380 அடின்னு போட்டு உலகத்துலயே உயரமான ரோடுன்னு ரொம்ப காலமா எழுதி வெச்சிருந்தாங்க, ஜிபிஎஸ்ல அளந்தா 5,359 மீட்டர்தான் வருது, அதாவது 17,582 அடி. எண்ணூறு அடி சும்மா. போட்டோக்கு க்யூ நிக்குது, எண்ணூறு அடி யாருக்குத் தேவை.

சவுத் புல்லு செக்போஸ்ட் தாண்டினதும் என் வலது கிரிப்பு செத்துருச்சு. எடது எரியுது, வலது பச்சைத் தண்ணி. ஏற்கனவே அந்தக் கைக்கு பையும் இல்ல. மேல போயிச் சேர்றப்ப பிரேக் லீவர ரெண்டு விரலால இல்ல, நாலு விரலையும் சேத்து கொக்கி மாதிரி மாட்டி இழுத்துட்டு இருந்தேன், இது ஆபத்துன்னு தெரிஞ்சுதான் சொல்றேன், ஒரு ஐஸ் திட்டுல முன்னாடி போன கார் நின்னப்ப கை சொன்ன பேச்சு கேக்க ஒரு செகண்டு ஆச்சு. அந்த ஒரு செகண்டுல பம்பர் என் டயர்ல இருந்து ஒரு முழம். அங்கயே ஓரங்கட்டி அக்குள்ல கைய சொருகிட்டு கால் மணி நேரம் நின்னேன். எறங்கறப்ப ஊதா கலர் ரப்பர் கிளவ்ஸ் என் கைக்கு வந்துருச்சு.

நாள் 8, லே, மெக்கானிக் கடை

பையன் கிரிப்பப் பாத்ததும் ஆக்சிலேட்டர முறுக்கிட்டே ஒயரத் தடவினான், முறுக்கறப்ப எரியுது, விட்டா அணையுது. நாந்தான் காரணம். வலது பக்க கிரிப்பு ஆக்சிலேட்டரோட சேந்து சுத்தும், அதனால ஒயருக்குக் கொஞ்சம் தொங்கல் விட்டு ஒரு வளையம் போட்டுதான் கட்டணும், நான் பாக்க நீட்டா இருக்கட்டும்னு டேக் போட்டு இறுக்கக் கட்டி வெச்சிருந்தேன். ஆயிரம் வளைவுல ஆயிரம் முறுக்கு, கிரிப்புல இருந்து ஒயர் வெளிய வர்ற எடத்துல உள்ள இருக்கற செம்புக் கம்பி ஒவ்வொன்னா அறுந்து, கடைசில மேல் தோல் மட்டும் ஒட்டிட்டு இருந்துச்சு. பையன் பிளேடால அரை இஞ்சு கீறி, கம்பியப் பிரிச்சு, புது ஒயர் வெச்சு பத்த வெச்சு, அது மேல சுருங்கற டியூப்ப போட்டு லைட்டர்ல சூடு காட்டினான், சுருண்டு கப்புனு புடிச்சுக்கிச்சு. அப்பறம் ரெண்டு விரல் நுழையற அளவுக்கு வளையம் விட்டு, ஹேண்டில இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பி, முறுக்கி விட்டு, ஆக்சிலேட்டர் தானா படார்னு திரும்பி வருதான்னு நாலு தடவ பாத்துட்டுதான் டேக் போட்டான். ஒயர் சிக்கி ஆக்சிலேட்டர் திரும்பலைன்னா கை குளிர்றது பத்தி அதுக்கப்பறம் கவலைப்பட வேண்டி வராதுன்னான்.

ரிலேவும் மாட்டியாச்சு. பார்க்கிங் லைட் ஒயர்ல இருந்து சிக்னல் எடுத்து, சாவி போட்டாதான் கிரிப்பு. அஞ்சு நிமிஷ வேலை. பியூச பையில இருந்து எடுத்துக் குடுத்தப்ப ஏன் பையில வெச்சிருக்கன்னு கேட்டான், கதை சொன்னேன், பக்கத்துக் கடைப் பையனையும் கூப்ட்டு சொல்லச் சொன்னான்.

மாப்ள அவனோட பையத் திருப்பிக் கேட்டுட்டான். நாளைக்கு சாங் லா ஏறி பாங்காங் ஏரி, அவனுக்கும் ரெண்டு கை இருக்காம். சாயங்காலம் பஜார் பூரா அலைஞ்சோம், சீசன் முடியற நேரம், மூணு கடையில சரக்கு இல்ல, நாலாவது கடையில 600 சொல்லி 450க்கு வந்தாங்க. இருந்தது ஒரே ஒரு ஜோடி. ரோஸ் கலர், மேல பட்டாம்பூச்சி போட்டது. மாட்டிட்டேன், எடது கிரிப்பு ஒரு இஞ்சு நீட்டிட்டு இருக்கறதால அந்தப் பக்கத்துப் பட்டாம்பூச்சி கொஞ்சம் கோணலா நிக்குது. காலைல ஆறு மணிக்குக் கிளம்பறோம்.